கசக்கிறது என்று நான் சொன்ன மாவு

உங்கள் தம்பி விஷம் வைத்தாரா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்று கேட்கிறீர்கள். வைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை போதுமென்றால் நீங்கள் இப்போதே எழுந்து படகுத்துறைக்குப் போகலாம் அக்கா. ஆனால் ஊரில் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்? சபையில் சொன்னால்தானே செல்லும். உட்காருங்கள். பலகையில் உட்காருங்கள், தரை ஓதம் ஏறிக் கிடக்கிறது. கடல் ஏறின பிறகு இந்தக் கோட்டையில் எந்தத் தரை காய்ந்திருக்கிறது.

பிள்ளை தூங்குகிறான். அவன் எழுந்திருக்கும் வரை பேசலாம். வாசலில் இருக்கிற காவல்காரிக்குக் காது மந்தம். நீங்கள் மெதுவாகப் பேசினால் போதும், நான் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவேன். இவ்வளவு பேசிப் பழக்கமும் இல்லை. நடுவில் நின்று போனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை எனக்குத் தெரியும். வாசலில் பெயர் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. பிரமசக்தி அக்கா. நெற்றியில் அந்தத் தழும்பு. கடல் வந்த அன்றைக்கு ஆட்டுக்குட்டியை ஒரு கையிலும் தம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கூரையில் ஏறினீர்களே, அப்போது ஓடு கிழித்தது. மூன்று நாள் கூரை மேல். இரண்டாம் நாள் ஆட்டுக்குட்டி உங்கள் ரிப்பனைத் தின்றுவிட்டது. தண்ணீரில் தள்ளிவிடுவேன் என்று நீங்கள் மிரட்ட, உங்கள் தம்பி ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுதார். சரிதானே? எல்லாம் அவர் சொன்னதுதான். என்னிடம் சொல்லவில்லை. நான் இருந்த இடத்தில் சொன்னார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கழிமேட்டிலிருந்து என்னை இங்கே அனுப்பும்போது எனக்குப் பத்தொன்பது வயது. உங்கள் செம்மண்தேரி மாதிரித்தான் எங்கள் ஊரும். பன்னிரண்டு ஊருக்கும் ஒரே கதைதானே. கிணறெல்லாம் உப்பு. கடல் தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்குகிற மிஷின் இந்தக் கோட்டைக்குள் இருக்கிறது, அது யாரிடம் இருக்கிறதோ அவர் ராசா. பெரியராசாவின் அப்பா ஒரு காலத்தில் தண்ணீர் லாரி ஓட்டினவராம். எங்கள் அம்மா இதைச் சொல்லும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வாள். லாரிக்காரர் வம்சம் என்றாலும் ராசா ராசாதான். குழாயை மூடினால் நம் நாக்குத்தான் ஒட்டிக்கொள்கிறது, அவருடையது இல்லை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு ஒரு பெண், பெரியராசா மகன் சின்னராசாவுக்கு. உங்கள் ஊரிலும் கல்யாணம் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை வரமாட்டார். பன்னிரண்டு பந்தலுக்கும் அவர் எப்படி வருவார். அவருடைய கட்டாரி வரும். அதை ஒருவர் தட்டில் ஏந்திக்கொண்டு வருவார். அந்தக் கைப்பிடியில் தாலியைச் சுற்றி எடுத்து, நாத்தனார் முறையில் யாராவது ஒருத்தி கட்டிவிடுவாள். கட்டாரிதான் புருஷன்.

நான் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தட்டும் அதைப் பிடித்த இரண்டு கையும்தான். தட்டில் கட்டாரி கடகடவென்று ஆடியது. பக்கத்தில் வந்ததும் ஒரு குரல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது.

"பயப்படாதீங்க. எனக்கும் இதுதான் முதக் கல்யாணம்."

நான் சிரித்துவிட்டேன். பந்தலில் மணப்பெண் சிரிக்கலாமா? அம்மா இடுப்பில் கிள்ளினாள். அவ்வளவுதான் அக்கா. அவளுக்கும் உன் தம்பிக்கும் நடுவில் என்ன இருந்தது என்று ஊரில் யாராவது கேட்டால் ஒன்றும் இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஒரு தட்டுதான் இருந்தது.

இங்கே வந்து நான்கு மாதம் சின்னராசாவை நான் பார்க்கவில்லை. வரிசையாக இந்த அறைகள், அறைக்கு ஓர் அடுப்பு, மேலே அதிகாரம் பண்ண தில்லை நாச்சி. மற்றப் பெண்களெல்லாம் என்னைக் கழிமேட்டு ஊமை என்பார்கள். நாச்சி அப்படியே கூப்பிடுவாள். "ஏட்டி ஊமை, ஒன் அடுப்புக் கருவாட்டு நாத்தம் கொடிமரத்துக்கு எட்டுது, ராசா மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஓடப் போறாரு" என்பாள். ஓடவில்லை. அந்த நாற்றத்தைத் தேடிக்கொண்டுதான் ஒரு நாள் மத்தியானம் வந்தார். "யார் அடுப்பு இது?" என்று வாசலில் நின்று கேட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் உங்கள் தம்பி, கட்டாரியோடு.

சின்னராசா கெட்டவர் இல்லை அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வந்தீர்களோ.

அவருக்கு ஒரு குறை இருந்தது. பிறந்ததிலிருந்து சூடாக ஒன்றும் தின்றதில்லை. பெரிய அரண்மனையில் அவருக்கு மூன்று முன்வாய். முன்வாய் என்றால் உங்களுக்குத் தெரியும், தம்பி பார்த்த வேலை. ராசாவுக்கு முன்னால் வாய் வைத்து, விஷமா இல்லையா என்று பார்க்கிறவர். ஒருவர் தின்றதும் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து வைப்பார்கள். மேலே இருக்கிற மணல் கீழே இறங்கி முடிய வேண்டும். பிறகு இரண்டாவது ஆள், பிறகு மூன்றாவது ஆள். சோறு அவர் முன்னால் வரும்போது இட்ட பிண்டம் மாதிரி இறுகியிருக்கும். என் வீட்டில் ஒரு முன்வாய் போதும் என்று அவரே சொல்லிக்கொண்டார். முதல் நாள் என் கேப்பைக் கூழை ஒரு வாய் குடித்துவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் பயந்து போனேன். "நாக்கு சுட்டுருச்சு" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வருவார். முதலில் உங்கள் தம்பி ஒரு வாய் தின்பார், குடுவையைக் கவிழ்ப்பார். முன்வாய் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது, அது சட்டம். மணல் இறங்கி முடிகிற வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். விஷமாக இருந்தால் முதலில் நாக்கு குழறுமாம், அதைக் கண்டுபிடிக்கத்தான். மற்ற முன்வாய்கள் ராசா வம்சத்துப் பட்டப்பெயர்களை வரிசையாக ஒப்பிப்பார்கள். உங்கள் தம்பிக்கு அது வரவில்லை. "பத்துப் பட்டத்துக்கு மேல போனா லாரி நம்பர் மாதிரி குழம்புது ராசா" என்று சொல்லிவிட்டார். லாரி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. சின்னராசா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப ஒனக்குத் தெரிஞ்சதைப் பேசு" என்றார்.

அப்படித்தான் உங்கள் வீடு முழுவதும் எனக்குத் தெரிந்தது. உங்கள் அம்மா படகிலேயே கோழி வளர்த்தது. நீங்கள் பெண் பார்க்க வந்தவனை நீச்சல் தெரியுமா என்று கேட்டு விரட்டினது. ஒவ்வொரு நாளும் ஒரு குடுவை மணலுக்கு ஒரு கதை. முதல் வார்த்தை மட்டும் எப்போதும் உப்பைப் பற்றி இருக்கும். "உப்பு ஒரு கல்லு கூடுதல்." "இன்னைக்குச் சரியா நிக்குது." நான் அடுத்த நாள் அதன்படி போடுவேன். யாருக்காகப் போட்டாய் என்று கேட்காதீர்கள், முதலில் தின்கிறவர் முகத்தைத்தானே சமைக்கிறவள் பார்ப்பாள். எந்த வீட்டிலும் அப்படித்தான்.

அந்த நேரம் முழுக்கச் சின்னராசா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மணலைப் பார்ப்பேன். ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று இருக்கும்.

ஒரு நாள் குழாய் அதிகாரி கதை சொன்னார். உங்களுக்கு நினைவிருக்கும். குழாயைத் திறப்பதா மூடுவதா என்று எழுதின உத்தரவை உங்கள் ஆடு தின்றுவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அதிகாரிக்கே தெரியாது. "உத்தரவு எப்படியும் பின்பக்கமா வெளிய வந்துதானே ஆகணும்னு அதிகாரி ரெண்டு நாளு ஆட்டுக்குப் பின்னாலயே நடந்தாரு. அரண்மனை ஆளுங்கறதால ஆடு கொஞ்சம் கூச்சப்பட்டுச்சு." அதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நிமிர்ந்துகூடப் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் முகத்தையும் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன்.

"இவளுக்குச் சிரிக்கத் தெரியுமா?" என்று கேட்டார் சின்னராசா. என்னைக் கேட்கவில்லை, உங்கள் தம்பியைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு அவர் கூழைப் பாதியிலேயே வைத்துவிட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது.

அடுத்த தடவை வந்தபோது வாசலிலேயே சொல்லிவிட்டார். "இந்த வீட்டுக்கு முன்வாய் வேண்டாம் மந்திரமூர்த்தி. நீ வெளிய நில்லு. இவ கையால விஷம் வந்தாலும் எனக்குச் சம்மதம்."

யோசித்துப் பாருங்கள் அக்கா. இத்தனை காவல் உள்ள ஒருவர் ஒரு கழிமேட்டுப் பெண்ணிடம் அப்படிச் சொல்கிறார் என்றால் எவ்வளவு நம்பிக்கை. வாய்மொழியாகத்தான் சொன்னார். எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். மற்றப் பெண்கள் யாருக்கும் கிடைக்காத மரியாதை அது. எனக்கு மட்டும் என்னவோ அன்றைக்குக் கூழ் இறங்கவில்லை.

அதன் பிறகு ஏழு வாரம். கதவு சாத்தியிருக்கும். வெளியே அவர் இருமுவது கேட்கும். உள்ளே சின்னராசா எனக்குக் கதை சொல்வார். பாவம், அவருக்குக் கதை சொல்ல வராது. ஒரு தடவை அவரும் ஓர் ஆட்டைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். ஆட்டைத் தட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறார், அதற்கு மேல் என்ன சொல்ல முடியும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கத்தான் நினைத்தேன். வரவில்லை. "ஒரு தடவை நிமிர்ந்து பாரு" என்று கேட்டார். அதுவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் கிடங்கிலிருந்து எனக்கு மாவு கொண்டுவருவது உங்கள் தம்பிதான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பானையில் கொட்டிவிட்டு, போகிற போக்கில் கேட்டார். "இப்ப உப்பெல்லாம் எப்படி இருக்கு?"

தெரியவில்லை என்று சொல்ல நினைத்தேன். நீங்கள் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. எனக்கும் அவருக்கும் மொத்தமே அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப் போவது நான் செய்தது. நீங்கள் என்னை அடித்தாலும் அடிக்கலாம்.

எனக்குக் கரிநாக்கு அக்கா. சொன்னால் பலித்துவிடும். ஐந்து வயதில் பக்கத்து வீட்டுப் பசுவைப் பார்த்து இது படுத்தால் எழுந்திருக்காது என்றேன், எழுந்திருக்கவில்லை. நாலாம் வகுப்பில் ஒரு நாள், டீச்சர், நாளைக்குக் கடல் இங்கே வரும் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வந்தது. பள்ளிக்கூடம் அத்தோடு போனது, என் பேச்சும் போனது. ஊரே என் வாயைத்தான் சொன்னது. அம்மா என் வாயைப் பொத்திப் பொத்தியே வளர்த்தாள். ஊமை என்கிறார்களே, நான் ஊமை இல்லை. என் வாயால் வேறு யாருக்கும் எதுவும் வந்துவிடக் கூடாது என்று இருந்தேன்.

அப்படி இருந்தவள் ஒரு நாள் மூன்று வார்த்தை பேசினேன். சாப்பாட்டில் ஏதோ சந்தேகம் என்று வந்தால் முன்வாயைத் திரும்ப உள்ளே கூப்பிடுவார்கள் அல்லவா? சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குடுவை மணல் நேரம் அவர் பேசுவார் அல்லவா? அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. காலையில் அதே பானையில் மாவெடுத்துக் கூழ் காய்ச்சிக் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. குடித்துவிட்டு, பத்து தடவை சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகிவிட்டு, தில்லை நாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"மாவு கசக்குது நாச்சி."

நாச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயே திறக்காதவள் இல்லையா, அதனால் நம்பிவிட்டாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கழுதை, சளி பிடித்திருக்கும் என்று விரட்டியிருப்பாள். மத்தியானத்துக்குள் கோட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. சின்னராசாவே வந்து பானையின் வாயைத் துணியால் கட்டினார். முத்திரை வைத்தார். வேறு யார் கையும் படக் கூடாது என்று தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் சபை. அவ்வளவு அக்கறை.

சபையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முந்நூறு பேர். பெரியராசா மேலே. உங்கள் தம்பியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மாவு கொண்டுவந்தவன் நீ, முன்வாயும் நீ, நீ ஏன் இத்தனை நாள் ருசி பார்க்கவில்லை என்று பெரியராசா கேட்டார். உங்கள் தம்பி சின்னராசாவைப் பார்த்தார். சின்னராசா தரையைப் பார்த்தார். ராசா வாய்மொழியாகச் சொன்னதை இன்னொருவர் சபையில் எடுத்துச் சொல்லக் கூடாதாம், அது பெரிய குற்றம். அதனால் உங்கள் தம்பி சொல்லவில்லை. சின்னராசா சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? அவர் சொன்னால் சட்டத்தை அவரே மீறின மாதிரி ஆகிவிடாதா.

ஆனால் அவர் ஒன்று செய்தார். அவர் நியாயமானவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து நின்று சொன்னார். "அவளையே கேளுங்க. மாவு கசக்கலைன்னு அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் ஏத்துக்கிறேன். இவனை விட்டுறலாம்." முந்நூறு பேர் முன்னால் எனக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "சொல்லு, கசந்துச்சா?" என்று அவரே கேட்டார். மெதுவாக, அன்பாகக் கேட்டார்.

நான் சொல்லவில்லை அக்கா.

வாயைத் திறந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. முந்நூறு பேர். ஒரு பொய் சொல்லி இவரை இங்கே நிறுத்தியிருக்கிறேன், இன்னொரு வார்த்தை சொன்னால் அது எங்கே போய் முடியுமோ என்று பயம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சின்னராசா காத்திருந்தார். அவசரப்படுத்தவே இல்லை.

உங்கள் தம்பிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். அவர்தான் குறுக்கே பேசினார். "அவங்களை விடுங்க. மாவைக் கொண்டாங்க, நானே தின்னு காட்டுறேன். அது என் வேலைதானே."

சின்னராசா அறையிலிருந்து பானை வந்தது. முத்திரை அப்படியே இருந்தது. ஒரு கைப்பிடி மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். குடுவையைக் கவிழ்த்தார்கள். உங்கள் தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு, "உப்பு போடல" என்றார். சபையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு உங்களைப் பற்றித்தான் பேசினார். நீங்கள் கேட்கத்தானே வந்தீர்கள், அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று. சொல்கிறேன். "எங்க அக்கா பிரமசக்தி சமுத்திரத்தையே திட்டுவா. கூரை மேல உக்காந்துக்கிட்டு, ஏ கடலே, ஒனக்கு வீடு வாசல் இல்லையா, எங்க வீட்டுல வந்து ஏன் குடியிருக்கேன்னு கேட்டா. மூணாம் நாளு கடல் இறங்குச்சு. அக்காவுக்குப் பயந்துதான் இறங்குச்சுன்னு நான் ரொம்ப நாளு..." அங்கே நின்றது. நம்பினேன் என்று சொல்லப் பார்த்தார். அந்தச் சொல் வரவில்லை. இரண்டு தடவை முயற்சி பண்ணினார். மணல் பாதிதான் இறங்கியிருந்தது.

அழுங்கள் அக்கா. நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னைக் கேட்கவும் யாரும் இல்லை.

அவர் கொண்டுவந்த மாவில் விஷம், அவர் விஷத்தில் அவரே போனார் என்று தீர்ப்பாகிவிட்டது. விஷக்காரன் ஊர் என்று உங்கள் குழாயை வாரத்துக்கு ஒரு நாளாக்கினார்கள். சத்தியமாக எனக்கு அது போன மாதம்தான் தெரியும். செம்மண்தேரியில் கிழவிகள் ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று நாச்சி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மா... இல்லையா? எப்போது? போன ஆடியிலா.

அந்தக் கோழி வளர்த்த அம்மாவா.

இந்த ஒன்றரை வருடமும் நான் ஒன்றைத்தான் யோசித்திருக்கிறேன். காலையில் நான் குடித்த மாவு அது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கசக்கவும் இல்லை. மறுநாள் அது எப்படி விஷமானது? என் நாக்குத்தான் அக்கா. கசக்கிறது என்று சொன்னேன், கசந்துவிட்டது. வேறு எப்படி ஆகும்? பானைக்குப் பக்கத்தில் யாருமே போகவில்லை. அவர் ஒருவர் அறையில்தான் இருந்தது.

என்ன, அப்படிப் பார்க்கிறீர்கள்?

சின்னராசா சபை முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் வந்து இங்கே, இந்தப் பலகையில்தான் உட்கார்ந்தார். அழுதார். "இனி நீ என்கிட்ட மட்டும் பேசினாப் போதும்" என்றார். நான் பேசவில்லை. ஆனால் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. அவர் தினமும் வந்தார். பிறகு இவன் வந்தான். அவர் ஜாடைதான், மூக்கைப் பாருங்கள். இவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரும் சிரிக்கிறார். நல்ல தகப்பன். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்துவிடும். நாளைக்குச் சபை. நான் பேசப் போகிறேன்.

நீங்கள் அதைக் கேட்கத்தான் வந்தீர்கள் என்று தெரியும். கேட்கவே வேண்டாம். போன மாதம் நாச்சி பேச்சைக் கேட்ட அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். மாவு கசக்கவில்லை, நான் பொய் சொன்னேன், அதே மாவை அன்று காலையில் நானே குடித்தேன். மூன்று வாக்கியம். தினமும் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். சுவருக்கு அலுத்துப் போயிருக்கும். இன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன் பாருங்கள். நாளைக்கும் வந்துவிடும். பெண்கள் பக்கம் முன்வரிசையில் நின்றுகொள்ளுங்கள். நான் வேறு யாரையும் பார்க்க மாட்டேன்.

சட்டம் என்ன என்று எனக்குத் தெரியும். பொய் சொன்ன கட்டாரிப் பெண்ணுக்குப் பிள்ளை தங்காது. பிள்ளை பெரிய அரண்மனைக்கு. அவளைக் குடிக்கத் தண்ணீர் இல்லாத உப்புத்திட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதனால்தான் ஒரு மாதம் தேவைப்பட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இவனுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது, என் பால் தவிர வேறு எதையும் வாயில் வாங்க மாட்டேன் என்று இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி பழக்கினேன். முதலில் என் கையால். பிறகு பக்கத்து அறைப் பெண் கையால், நாச்சி கையால். என் கை இல்லாவிட்டாலும் வாயைத் திறக்க வேண்டும் அல்லவா. மூன்று நாளாக நான் பால் கொடுக்கவில்லை. கட்டிக்கொண்டு வலிக்கிறது, துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

நேற்று சின்னராசாவிடமும் சொல்லிவிட்டேன். சபையில் நான் பேச வேண்டும் என்றேன். நானாக அவரிடம் பேசினது அதுதான் முதல் தடவை. "என்ன பேசப் போற?" என்றார். "மாவைப் பத்தி" என்றேன். வெகுநேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, எல்லாரும் இருக்கும்போதே பேசு" என்றார். சொன்னேனே, நியாயமானவர். போகும்போது இன்னொன்றும் சொன்னார். பிள்ளைக்காரி புகையில் நிற்கக் கூடாதாம், இனி நான் அடுப்பு மூட்ட வேண்டாமாம். இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து எனக்குப் பெரிய மடைப்பள்ளியிலிருந்து சாப்பாடு வரும்.

ஏன் அக்கா கையைப் பிடிக்கிறீர்கள்? வலிக்கிறது.

சாப்பிடக் கூடாதா? ஏன்? அவர் அனுப்புகிறதையா?

இல்லை அக்கா. அப்படிச் சொல்லாதீர்கள். அவர் இந்த வீட்டில் முன்வாய் இல்லாமல் தின்றவர். பானையை அவர் காவல் காக்கத்தான் எடுத்துக்கொண்டு போனார். முத்திரை அவர் வைத்தது, அப்படியேதான் இருந்தது, அவரே உடைத்து...

வேண்டாம். சொல்லாதீர்கள். இன்றைக்கு நான் அதை நினைக்கக் கூடாது. நினைத்தால் நாளைக்கு மூன்று வாக்கியம் வராது. முந்நூறு பேரில் அவர் முகம்தான் தெரியும். எனக்கு என் பொய் மட்டும் போதும், அதைச் சொல்லத்தான் பழகியிருக்கிறேன். மற்றதை நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

சரி. சாப்பிடவில்லை. விரதம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு ராத்திரிதானே, நாளைக் காலை வரைதானே. தண்ணீரும் வேண்டாமா? சரி, தண்ணீரும் வேண்டாம். உங்கள் ஊரில் பழகிவிட்டார்கள், நான் ஒரு நாள் இருக்க மாட்டேனா.

எழுந்துவிட்டான். இங்கே வா கண்ணு. அழாதே. யார் வந்திருக்கிறார்கள் பார். அத்தை என்று சொல்லலாமா அக்கா? முறை தெரியவில்லை எனக்கு. சரி, அத்தை.

அந்தக் கிண்ணத்தை எடுங்கள். அது காலையில் நான் காய்ச்சினது, பயப்படாதீர்கள். நீங்கள் ஒரு வாய் ஊட்டிப் பாருங்களேன். முன்பின் பார்க்காத கையில் இவன் இன்னும் வாங்கினதில்லை. மடியில் உட்கார வையுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், என்னைப் பார்த்தால் என்னிடம்தான் வருவான்.

வாங்கினானா?

இன்னொரு வாய் கொடுங்கள்.